யார் படிப்பை விடப்போகிறார் என்று கணிப்பது எளிது; பிறகு என்ன செய்வது? கல்லூரிகளுக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு காலத்தில் பருவத்துக்குப் பருவம் ஆயிரம் பேருக்கு மேல் வகுப்புகளிலிருந்து பெயர் நீக்கப்பட்டார்கள். தேர்வில் தோற்றிருந்தால்கூட மனம் ஆறும். பலருக்குக் கட்டணத்தில் சில நூறு டாலர்தான் பாக்கி. 2011-இல் பல்கலைக்கழகம் ஒரு வேலை செய்தது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தும் சிறு தொகைக்காக வெளியேற இருந்தவர்களைத் தானே தேடிப் பிடித்து, அவர்கள் கணக்கில் அந்தத் தொகையை வரவு வைத்தது. விண்ணப்பமும் இல்லை, சிபாரிசும் இல்லை. சராசரியாக ஒருவருக்குச் சுமார் 900 டாலர். இறுதியாண்டில் இந்த உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் இரண்டே பருவங்களில் பட்டத்தோடு வெளியே வந்தார்கள்.

இதில் கணினி செய்தது என்ன? கட்ட வேண்டியதிலிருந்து கட்டியதைக் கழித்தது.

முன்கணிப்புப் பகுப்பாய்வு (பழைய தரவை வைத்து இனி நடக்கப்போவதைக் கணிப்பது) என்றதும் செயற்கை நுண்ணறிவு, வண்ண வண்ணத் திரைகள் என்று பேசத் தொடங்குபவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் கல்லூரி அதுதான். அங்கே வேலை நடந்த வரிசையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பெரும்பாலான கல்லூரிகள் தலைகீழாகத் தொடங்குகின்றன: மென்பொருள் வாங்குவது, பட்டியல் எடுப்பது, அதன்பிறகு ‘இதை வைத்து என்ன செய்யலாம்’ என்று கூட்டம் போடுவது. கீழே வரும் படிகள் அதற்கு நேர்மாறாகப் போகின்றன.

முதல் படி: கையில் இருக்கும் உதவியை எண்ணுங்கள்

ஒரு தாளை எடுத்து நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். சிரமத்தில் இருக்கும் மாணவருக்கு நம்மால் தரக்கூடிய உதவி எது? அதைத் தருபவர் யார்? அவரால் வாரத்துக்கு எத்தனை பேரைப் பார்க்க முடியும்? எந்தத் தேதிக்குள் பார்த்தால் பயன் உண்டு?

பதில்கள் திட்டவட்டமாக இருக்க வேண்டும். ‘வழிகாட்டுதல்’ என்று எழுதினால் அது பதில் ஆகாது. ‘கணக்குப் பாடத்தில் தனிப்பயிற்சி, புதன் மாலை, இரண்டு ஆசிரியர்கள், 24 இடங்கள்’ என்பது பதில். இந்தத் தாள் காலியாக இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். கணிப்பைத் தொடாமல் முதலில் உதவிக்கு வழி செய்யுங்கள்.

இதை நான் சூடுபட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக்காக இப்படி ஒரு பட்டியல் தயாரித்துக் கொடுத்தேன். கணிப்பு நன்றாகவே வந்திருந்தது. எல்லாத் துறைத்தலைவர்களுக்கும் மின்னஞ்சலில் போயிற்று. பருவம் முடிந்தபின் விசாரித்தால், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்திருக்கிறார்கள். தவறு என்னுடையது. பெயர்களை எழுதிய நான், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அழைக்க வேண்டியவர் யார் என்று ஒரு கட்டம் போட மறந்துவிட்டேன்.

ஜார்ஜியா ஸ்டேட் 2012-இல், சிரமத்தில் விழக்கூடிய மாணவரை முன்கூட்டியே காட்டும் தன் எச்சரிக்கை முறையைத் தொடங்கியபோது அதோடு சேர்த்து 42 கல்வி ஆலோசகர்களை வேலைக்கு எடுத்தது. அதற்குமுன் ஓர் ஆலோசகருக்கு 700 மாணவர்களுக்கு மேல் இருந்தார்கள். பிறகு ஏறத்தாழ 300. செய்தித்தாள்களில் மென்பொருளின் பெயர் வந்தது. செலவில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போயிற்று.

இரண்டாம் படி: எதைக் கணிக்கப்போகிறீர்கள்?

‘மாணவர் வெற்றி’ என்பதைக் கணிக்க முடியாது. அளக்கக்கூடிய ஒன்றாக அதை மாற்ற வேண்டும். முதலாண்டு முடிந்து இரண்டாமாண்டுக்குத் திரும்பினாரா? இந்தப் பாடத்தில் தேறினாரா? அமெரிக்காவில் அரசுக்குக் காட்டும் கணக்கு, நான்காண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டுக்குள் முடித்தவர்களின் சதவீதம். ஜார்ஜியா ஸ்டேட்டில் அது 2003-இல் 32 சதவீதமாக இருந்து, அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 54 வரை ஏறியது.

ஆனால் ஆறு ஆண்டு கழித்துத் தெரியும் விடையை வைத்து அடுத்த திங்கட்கிழமை யாருக்கும் உதவ முடியாது. எனவே முதல் முயற்சிக்கு அருகில் இருக்கும் இலக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்வாரா, மாட்டாரா. இங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு. பதிவு செய்யாதவர் எல்லோரும் படிப்பை விட்டவர் ஆகமாட்டார். வேறு கல்லூரிக்கு மாறியிருக்கலாம். மகப்பேற்றுக்காக ஒரு பருவம் விட்டிருக்கலாம். அவர்களைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

மூன்றாம் படி: தரவைத் தேதி போட்டுச் சேருங்கள்

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சொந்தக் கல்லூரியின் தரவைத் தொடுவதற்கு முன் பழகிப் பார்க்க ஒரு நல்ல களம் இருக்கிறது. இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் உள்ள திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பெயர்களை நீக்கி, 32,593 மாணவர் பதிவுகளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டிருக்கிறது. 2013, 2014-ஆம் ஆண்டுகளில் நடந்த ஏழு பாடங்கள். யார் எந்த நாளில் இணையப் பாடப்பக்கத்தை எத்தனை முறை சொடுக்கினார், எந்த ஒப்படைப்பை எப்போது கொடுத்தார், என்ன மதிப்பெண் பெற்றார் எல்லாம் அதில் உண்டு. முடிவு நான்கு வகை: சிறப்புத் தேர்ச்சி 3,024, தேர்ச்சி 12,361, தோல்வி 7,052, பாதியில் விலகியவர் 10,156. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பாதியில் போயிருக்கிறார். தொலைநிலைக் கல்வியின் சுபாவம் அது.

இதைப் பதிவிறக்கியவர் முதல் நாளில் செய்வது என்ன? ஒவ்வொரு மாணவரின் மொத்தச் சொடுக்குகளையும் கூட்டி, அதை வைத்து விலகலைக் கணிப்பார். துல்லியம் அமோகமாக வரும். அவர் துள்ளிக் குதிப்பார். பாவம், அவர் கணித்தது ஒன்றுமே இல்லை. ஐம்பதாவது நாளில் விலகியவர் அதன்பிறகு சொடுக்கியிருக்கவே மாட்டார். மொத்தம் குறைவாக இருப்பது அவர் போய்விட்டதன் விளைவு. போனவரைப் பார்த்து ‘இவர் போவார்’ என்று சொல்வது கண் கெட்ட பிறகு செய்யும் சூரிய நமஸ்காரம்.

சரியான முறை இது. ஒரு வெட்டுநாளைத் தீர்மானியுங்கள்; வகுப்பு தொடங்கிய 28-ஆம் நாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாள் இரவு வரை தெரிந்தவற்றை மட்டுமே கணிப்புக்குள் விடுங்கள். அதற்கு முன்பே விலகியவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர்களுக்கு உதவும் காலம் தாண்டிவிட்டது. இந்தத் தரவில் பாடம் தொடங்கும் நாள் பூஜ்யம்; அதற்கு முந்தைய நாட்கள் கழித்தல் குறியோடு வரும். பாடம் தொடங்கும் முன்பே உள்ளே எட்டிப்பார்த்தவர் யார் என்ற தகவலும் அதில் கிடைக்கிறது. அதைத் தூக்கியெறியாதீர்கள். இப்படி வெட்டியபின் துல்லியம் சரியும். சரிந்த அந்த எண்தான் உண்மையான எண்.

உங்கள் கல்லூரித் தரவில் இதே கோளாறு வேறு வேடத்தில் வரும். ‘விடுதி காலி செய்த தேதி’, ‘மாற்றுச் சான்றிதழ் கேட்டாரா’ போன்ற கட்டங்கள் கணிப்பில் பிரமாதமாக வேலை செய்கின்றன என்றால் காரணம் அதுதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் ‘இது எந்தத் தேதியில் நமக்குத் தெரிய வரும்?’ என்று எழுதிவையுங்கள். பருவ மதிப்பெண்ணை ஆசிரியர் ஆறு வாரம் கழித்துத்தான் கணினியில் ஏற்றுவார் என்றால், நான்காம் வாரக் கணிப்பில் அதற்கு இடமில்லை.

மற்றபடி எந்தத் தரவு வேண்டும்? வருகைப் பதிவு, உள்மதிப்பீடு, முந்தைய பருவத்தின் தரம், நிலுவைப் பாடங்கள், கட்டண நிலுவை, பதிவு செய்த பாடங்கள். இவை போதும். 2018-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மாணவர் அடையாள அட்டை எங்கெல்லாம் தேய்க்கப்பட்டது என்பதை வைத்து முதலாண்டு மாணவர்களின் விலகலைக் கணித்த ஆய்வு வெளியானது. பெயர் நீக்கிய தரவுதான். ஆனாலும் காப்பிக் கடைக்குப் போனதுகூடவா கணக்கு என்று பெரிய வாக்குவாதம் எழுந்தது. அது நியாயமான வாக்குவாதம் என்பது என் கருத்து.

நான்காம் படி: முட்டுக்கட்டைப் பாடங்களைக் கண்டுபிடியுங்கள்

கணிப்பு மாதிரி (பழைய தரவிலிருந்து கணிக்கக் கற்கும் கணக்கு முறை) எதுவும் கட்டாமல், வெறும் எண்ணிக்கையிலேயே கிடைக்கும் தங்கம் இது. ஜார்ஜியா ஸ்டேட் பத்தாண்டுப் பதிவுகளில் 25 லட்சம் மதிப்பெண்களைத் துழாவியது. அரசியல் அறிவியலில் முதல் பாடத்தில் ‘ஏ’ அல்லது ‘பி’ வாங்கியவர்களில் பெரும்பாலோர் பட்டம் முடித்தார்கள். ‘சி’ வாங்கியவர்களில் நான்கில் ஒருவர்தான் முடித்தார். சட்டப்படி ‘சி’ தேர்ச்சிதான். அதனால் அதுவரை யாரும் அந்த மாணவரை அழைத்துப் பேசியதில்லை. அடுத்த பாடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். செவிலியர் படிப்பில் இன்னும் விசித்திரம்: உயிரியலை விடத் தொடக்கக் கணிதப் பாடமே யார் தேறுவார் என்பதை நன்றாகக் காட்டியது.

இப்படித் திரட்டியவற்றிலிருந்து பிறந்தவைதான் அங்கே ஒவ்வொரு இரவும் சோதிக்கப்படும் 800-க்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள். அவற்றில் பல மிகச் சாதாரணமானவை: தன் பட்டத்துக்கு வேண்டாத பாடத்தில் பதிவு செய்துவிட்டார், வேண்டிய பாடத்தைத் தள்ளிப்போடுகிறார்.

உங்கள் கல்லூரியில் இதற்கு ஒரு விரிதாள் போதும். ஐந்தாண்டு முதல்பருவ மதிப்பெண்களை எடுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் தட்டுத்தடுமாறித் தேறியவர்களில் எத்தனை பேர் நிலுவையின்றிப் பட்டம் முடித்தார்கள் என்று பாருங்கள். முடித்தவர் விகிதம் சட்டென்று சரியும் பாடங்கள் மூன்று நான்கு இருக்கும். அவற்றின் ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு அல்ல இந்தக் கணக்கு. தனிப்பயிற்சி இடங்களை எங்கே போடுவது என்று தீர்மானிப்பதற்கு.

ஐந்தாம் படி: மாதிரியைக் கட்டுங்கள், பட்டியலை எங்கே வெட்டுவது என்பதைக் கையை அளந்து முடிவு செய்யுங்கள்

இந்தப் படி பலர் நினைப்பதைவிடச் சிறியது. லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற பழைய முறையில் தொடங்குங்கள்; ஒவ்வொரு காரணிக்கும் ஓர் எடை கொடுத்து, ஒருவர் விலகும் வாய்ப்பைக் கணக்கிடும் புள்ளியியல் முறை அது. பைத்தான் என்ற கணினி நிரல்மொழி தெரிந்த ஒருவருக்கு ஒரு பிற்பகல் வேலை. ஏன் இந்தப் பெயர் பட்டியலில் வந்தது என்று ஆலோசகர் கேட்டால் பதில் சொல்ல முடியும் என்பதே இதன் முதல் தகுதி. பழைய ஆண்டுகளில் பயிற்சி கொடுத்து, கடைசி ஆண்டில் சோதியுங்கள். எல்லா ஆண்டுகளையும் கலந்து குலுக்கிப் பிரிக்காதீர்கள். பெருந்தொற்று ஆண்டுகளைத் தனியாக வைத்துப் பாருங்கள்.

‘85 சதவீதம் துல்லியம்’ என்று யாராவது சொன்னால் உடனே மகிழ வேண்டாம். ஒரு கற்பனைக் கணக்கு. முதலாண்டில் 1,000 பேர். வழக்கமாக 150 பேர் விலகுவார்கள். ‘யாரும் விலகமாட்டார்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 85 சதவீதம் சரி. ஆகவே வேறு கேள்வி கேட்க வேண்டும். நம் ஆலோசகர்களால் பருவத்துக்கு 100 பேரோடுதான் உட்கார்ந்து பேச முடியும் என்றால், பட்டியலின் முதல் 100 பேரில் உண்மையில் விலகக்கூடியவர் எத்தனை பேர்? 42 என்று வைத்துக்கொள்வோம். குலுக்கலில் 100 பேரை எடுத்திருந்தால் 15 பேர்தான் அகப்பட்டிருப்பார்கள். கிட்டத்தட்ட மூன்று மடங்கு லாபம். பட்டியலை வெட்டும் கோடு எத்தனையாவது பெயரில் விழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது முதல் படியில் நீங்கள் எழுதிய தாள்தான்.

அதே கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். அழைக்கப்படும் 100 பேரில் 58 பேர் எப்படியும் படிப்பைத் தொடரப்போகிறவர்கள். விலகக்கூடிய 108 பேர் பட்டியலுக்கு வெளியே இருக்கிறார்கள். ஆகவே அழைப்பு, தவறான ஆளுக்குப் போனாலும் புண்படுத்தாததாக இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: பட்டியல் யாருக்கு எதிராகத் திரும்பும் என்று பாருங்கள்

2016-இல் மேரிலாந்து மாநிலத்தின் மவுண்ட் செயின்ட் மேரீஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது இந்தத் துறைக்கே மாறாத வடு. புதிய மாணவர்களிடம் ஒரு கருத்தாய்வு நடத்தி, விலகக்கூடியவர்களை இனங்கண்டு, அரசுக்கு எண்ணிக்கை அனுப்பும் தேதிக்குள் அவர்களை வெளியே அனுப்பிவிட்டால் தக்கவைப்பு விகிதம் (அடுத்த ஆண்டும் படிப்பைத் தொடர்பவர்களின் சதவீதம்) உயரும் என்பது தலைவர் சைமன் நியூமனின் திட்டம். மாணவர்களை முயல்குட்டிகள் என்று எண்ணாமல் மூழ்கடிக்க வேண்டும் என்ற பொருளில் அவர் பேசியதை மாணவர் செய்தித்தாள் அம்பலப்படுத்தியது. பிப்ரவரி முடிவதற்குள் அவர் பதவி விலகினார். கணிப்பில் அங்கே கோளாறு ஏதும் இருந்திருக்க வேண்டியதில்லை. அதே பட்டியலைத் தூக்கிவிடவும் பயன்படுத்தலாம், தள்ளிவிடவும் பயன்படுத்தலாம். எனவே எழுத்தில் ஒரு விதி போடுங்கள்: இந்தக் கணிப்பை வைத்து சேர்க்கை மறுப்பு, உதவித்தொகை நிறுத்தம், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் கிடையாது.

இன்னொன்று சத்தமில்லாத ஆபத்து. 2021-இல் ‘தி மார்க்கப்’ என்ற செய்தி நிறுவனம், அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் சில தங்கள் கணிப்பில் மாணவரின் இனத்தையே வலுவான காரணியாகச் சேர்த்திருந்ததை வெளிக்கொணர்ந்தது. விளைவு, ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரில் கறுப்பின மாணவர் பெயருக்கு எதிரே சிவப்பு. அதைப் பார்க்கும் ஆலோசகர் ‘உனக்கு இந்த அறிவியல் பாடம் வேண்டாம்’ என்று நயமாகத் திருப்பிவிட எவ்வளவு நேரமாகும்? நம் ஊரில் இந்த இடத்தில் எந்தக் கட்டம் உட்காரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாதியை நீக்கிவிட்டு ஊரின் அஞ்சல் குறியீட்டையும் பள்ளியின் பெயரையும் விட்டுவைத்தால் நீக்கியது கண்துடைப்பு. மாணவராலோ கல்லூரியாலோ மாற்றக்கூடியவற்றை மட்டும் கணிப்பில் வையுங்கள்: வருகை, ஒப்படைப்பு, நிலுவை. பிறகு பிரிவு வாரியாகப் பிரித்து, யாரை அதிகம் தவறவிடுகிறது, யார்மீது அதிகம் பொய் எச்சரிக்கை விழுகிறது என்று பாருங்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் சாதி போன்ற அந்தக் கட்டங்கள் வேண்டும்.

சட்டம் பற்றி ஒரு வரி: அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவுகள் சட்டம் இருக்கிறது, இந்தியாவில் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மில்டன் கீன்ஸில் உள்ள அந்தத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2014-லேயே மாணவர் தரவை எப்படிப் பயன்படுத்துவோம் என்று கொள்கை வகுத்து, மாணவருக்கே தெரியும்படி வெளியிட்டது. அதுபோல ஒரு பக்கத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

ஏழாம் படி: அழைப்பு

மாணவரிடம் சதவீதத்தைச் சொல்லாதீர்கள். ‘நீ விலக 68 சதவீத வாய்ப்பு’ என்று கேட்ட பிள்ளை அன்றைக்கே பெட்டியைக் கட்டும். கணினியைப் பற்றிய பேச்சே வேண்டாம். கண்ணில் பட்டதைச் சொல்லிக் கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த பேராசிரியை ஒருவர் பேசிய விதம் இது.

“மாலதி, மூன்று வாரமாகச் செவ்வாய்க்கிழமை ஆய்வகத்தில் உன்னைக் காணவில்லையே, ஏதாவது சிரமமாம்மா?”

“இல்லை மேடம்... காலை பஸ் நேரத்தை மாற்றிவிட்டார்கள். அடுத்த பஸ்ஸில் வந்தால் ஒன்பதே முக்கால் ஆகிறது. கதவைச் சாத்திவிடுகிறார்கள்.”

“இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

“திட்டுவீர்கள் என்று நினைத்தேன், மேடம்.”

மதியப் பிரிவுக்கு மாற்றியதோடு வேலை முடிந்தது. எந்த மாதிரியிலும் பஸ் நேரம் என்ற கட்டம் இருக்காது. செவ்வாய்க்கிழமை வருகை மட்டும் சரிவதைக் கணினி காட்டலாம். காரணம் வாயைத் திறந்து கேட்டால்தான் வரும். அழைப்பவரிடம் பிரிவை மாற்றும் அதிகாரம் இருந்ததையும் கவனியுங்கள். ‘எழுதிக் கொடு, மேலே அனுப்புகிறேன்’ என்று சொல்லும் நிலையில் அவர் இருந்திருந்தால் அடுத்த செவ்வாயும் கதவு சாத்தியேதான் இருந்திருக்கும்.

எட்டாம் படி: உண்மையிலேயே பயன் இருந்ததா?

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2007 வாக்கில் ‘கோர்ஸ் சிக்னல்ஸ்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. பாடத்தில் அவர் நிலை எப்படி என்று காட்ட, மாணவரின் இணையப் பாடப்பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு எரியும். இந்த விளக்குள்ள பாடங்களை இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் படிப்பில் அதிகம் நிலைத்தார்கள் என்று அறிவித்தார்கள், உலகமே கைதட்டியது. 2013-இல் மைக் கால்ஃபீல்ட் என்பவர் ஒரு எளிய சந்தேகம் கிளப்பினார்: விளக்கால் நிலைத்தார்களா, நிலைத்ததால்தான் அதிக விளக்குப் பாடங்களை எடுக்க முடிந்ததா? முதலாண்டிலேயே போனவரால் இரண்டாமாண்டுப் பாடத்தை எப்படி எடுத்திருக்க முடியும்? ஆல்ஃபிரட் எஸ்ஸா என்ற இன்னொருவர் ஒரு படி மேலே போய், விளக்குக்குப் பதில் மாணவர்களுக்குக் கண்டபடி சாக்லேட் கொடுத்ததாகக் கணினியில் பாவித்துக் காட்டினார். சாக்லேட்டும் அதேபோல ‘பலன்’ தந்தது!

ஆகவே ஒப்பிட ஒரு குழு வேண்டும். ஜார்ஜியா ஸ்டேட் 2016 கோடையில் மாணவர் கேள்விகளுக்குத் தானாகப் பதில் அனுப்பும் ‘பவுன்ஸ்’ என்ற குறுஞ்செய்தி உரையாடியைக் கொண்டுவந்தபோது, சேர்க்கை பெற்றவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. அங்கேயே சேர்வதாக முன்பே சொல்லியிருந்தவர்களுள், செய்தி பெற்றவர்களில் வகுப்புக்கு வந்து சேர்ந்தவர் விகிதம் 3.3 சதவீதப் புள்ளி அதிகம். சின்ன எண், ஆனால் நம்பலாம். எச்சரிக்கையும் ஆலோசகரும் சேர்ந்த அதன் ஆலோசனை முறையை 11 பல்கலைக்கழகங்களில் பத்தாயிரம் மாணவர்களை வைத்துச் சோதித்தபோது, எல்லா இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. ஜார்ஜியா ஸ்டேட்டில் தெரிந்தது. மென்பொருளை ஒரு வாரத்தில் இறக்குமதி செய்துவிடலாம். ஆலோசகர் சொன்னால் துறை கேட்கும் பழக்கத்தை வளர்க்க அங்கே பல ஆண்டுகள் பிடித்திருந்தன.

உங்கள் கல்லூரியில் குலுக்கல் போட மனம் கூசலாம். அதற்கும் வழி இருக்கிறது. 100 பேருக்கு உதவ முடியும் என்றால் முதல் 60 பேரைத் தவறாமல் அழையுங்கள். 61 முதல் 140 வரை உள்ளவர்களில் பாதிப் பேரைச் சீட்டுப் போட்டு எடுங்கள். எப்படியும் 40 பேருக்குத்தான் ஆள் இருக்கிறது. யாருடைய உதவியையும் பறிக்கவில்லை. ஆண்டு முடிவில் அந்த 80 பேரில் அழைக்கப்பட்டவர், அழைக்கப்படாதவர் என்று ஒப்பிடுங்கள். ஓராண்டுக்கு 80 பேர் போதாது, முடிவு ஆடும். மூன்று ஆண்டு சேர்ந்தால் ஏதாவது தெரியும்.

ஒவ்வொரு அழைப்புக்கும் பிறகு ஆலோசகர் நிரப்ப ஒரு சிறிய படிவம் வையுங்கள். தேதி, மாணவர் சொன்ன காரணம், என்ன செய்தோம், எந்தத் தேதிக்குள் மறுபடி பேச வேண்டும். கூடவே ஐந்தாவதாக ஒரு கட்டம்: ‘பட்டியல் தவறு, இவருக்கு ஒரு சிரமமும் இல்லை.’ அதில் டிக் விழுந்த பெயர்களைத்தான் அடுத்த ஆண்டு மாதிரியைத் திருத்த உட்காரும்போது நான் முதலில் எடுத்துப் பார்ப்பேன்.